செடிக்கு வைத்த சிலிண்டர்

ஈஸ்வருக்குப் பயம் பிடித்தது ஒரு புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு. நியாயமாகப் பார்த்தால் அவன் ஒரு வாரத்துக்கு முன்பே பயந்திருக்க வேண்டும். ஆனால் ஆள் கெட்டிக்காரன். தன் தொழிலில் தனக்குத் தெரியாதது ஒன்றும் பாக்கி இல்லை என்று நம்புகிற ரகம். அந்த ரகத்துக்குப் பயம் தாமதமாகத்தான் வரும், வந்தால் மொத்தமாக வரும்.

திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டின் மேல், லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் அவன் வெல்டர். பதினாறு வருஷம் கை பழகிய வேலை. வீடு எலச்சிபாளையம் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே, தோட்டத்துக்கு நடுவில் இருந்தது. மனைவி ஜெயப்பிரியா, ஏழு வயது மகள் வெண்ணிலா, இரண்டு ஏக்கர் மரவள்ளி, நாலடி நீளத்தில் ஒரு மீன் தொட்டி. இதுதான் அவன் குடும்பம். வரிசையில் தொட்டி கடைசியாக வந்தாலும் ஆறு மாதமாக அவன் நினைப்பில் முதலில் நிற்பது அதுதான் என்று ஜெயப்பிரியா வாய்விட்டே சொல்லியிருக்கிறாள்.

மகள் மீன் கேட்டாள் என்றுதான் தொட்டி வாங்கினான். மீன் மேல் அவனுக்கு ஆசை ஒட்டவில்லை. தண்ணீருக்குள் செடி வளர்வதைப் பார்த்துத்தான் மனுஷன் சொக்கிப்போனான். வெளியே சித்திரை வெயில் மரவள்ளி இலையைத் தொங்கவிட்டுக்கொண்டிருக்க, கண்ணாடிக்குள்ளே பச்சைப்பசேல் என்று ஒரு காடு அசைவதைப் பார்த்தால் யாருக்குத்தான் சொக்காது.

ஆனால் காடு சும்மா வளரவில்லை. இரண்டாம் மாதமே புது இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. ஈஸ்வருக்கு இது தெரிந்த வியாதி. மரவள்ளியில் கொழுந்து இப்படி வெளுத்தால் இரும்புச் சத்து இல்லை என்று அர்த்தம், அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளிப்பார்கள். அவனும் ஒரு சிட்டிகை அன்னபேதியைத் தொட்டியில் போட்டான். தண்ணீர் துருப்பிடித்த மாதிரி ஆகி, செடிக்குக் கிடைக்க வேண்டிய இரும்பு எல்லாம் அடியில் மண்டியாகப் படிந்தது. பிறகு போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்து, தண்ணீரில் கரைந்தே நிற்கிற இரும்பு என்று தனியாக ஒன்று இருப்பதைத் தெரிந்துகொண்டு வரவழைத்தான். கொழுந்து பச்சை கட்டியது. அடுத்தது பழைய இலைகளில் ஊசி குத்தினாற்போல ஓட்டை விழுந்தது. அது பொட்டாஷ் குறைவு. மகளின் இருமல் மருந்து மூடியால் அளந்து அதையும் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கால் பங்கு தண்ணீரை மாற்றுவதும், உப்புகளை ஒவ்வொன்றாக அளந்து ஊற்றுவதும், பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு பார்த்ததில்லை என்று ஜெயப்பிரியா முகத்தைத் திருப்பிக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் செடி ஒரு அளவுக்கு மேல் எழும்பவில்லை. இலை மேல் தலைமுடி மாதிரி பாசி பிடித்தது. சேலத்தில் மீன் கடைக்காரரிடம் போட்டோவைக் காட்டினான்.

"வெளிச்சம் குடுக்கறீங்க, உப்பு குடுக்கறீங்க. செடிக்கு முக்கியமான சாப்பாடே கரியமில வாயுதாங்க. அதைக் குடுக்கலியே" என்றார் கடைக்காரர். தண்ணீர் பாட்டில் உயரத்தில் ஒரு குட்டி சிலிண்டரை எடுத்துக் காட்டினார்.

ஈஸ்வருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரியமில வாயுவா? பட்டறையில் அதை வைத்துத்தானே அவன் பதினாறு வருஷமாக வெல்டிங் செய்கிறான்! ஆள் உயரத்துக்குக் கறுப்பு கறுப்பாகச் சிலிண்டர்கள் சுவரோரம் வரிசை கட்டி நிற்கின்றன. இந்தக் குழந்தைப் பாட்டிலை யார் வாங்குவார்கள்?

வரிசைக்குத் தள்ளி ஒரு சிலிண்டர் தனியாக நின்றது. தலையில் சாக்பீஸால் பெருக்கல் குறி. வால்வு கசிகிறது, கேஸ் வண்டி வரும்போது திருப்பி அனுப்ப வேண்டும் என்று பட்டறை மேஸ்திரி அர்த்தநாரி போட்ட குறி அது. ஈஸ்வர் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தான். வால்வின் கழுத்தில் சின்னச் சின்னதாகக் கொப்புளம் வந்தது. இதெல்லாம் ஒரு கசிவா? நாலு பக்கமும் திறந்து கிடக்கும் பட்டறையில், வெயில் தாங்காத நாளில் இதே வாயுவை முகத்தில் புஸ்ஸென்று அடித்துக்கொள்கிற ஆட்கள் அவர்கள். தோட்டத்துக் கேட்டுக்குக் கொஞ்சம் வெல்டிங் இருக்கிறது என்று அர்த்தநாரியிடம் ஒரு பொய்யைச் சொல்லி, சிலிண்டரைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

"ஏனுங்க, கேஸ் சிலிண்டரக் கொண்டாந்து படுக்கற ரூம்ல நிறுத்தறீங்க?" என்று ஜெயப்பிரியா வாசலிலேயே மறித்தாள்.

"சமையல் கேஸ் இல்ல பிரியா. தீப்புடிக்காது. சோடாவுல இருக்கற காத்துதான் இது. நாம குடிக்கறமல்ல?"

"மணக்குமுங்களா?"

"ஒரு வாசமும் இருக்காது."

வாசம் இல்லாததை ஒரு நல்ல குணமாகச் சொன்னான் பாருங்கள். அவளும் அத்தோடு விட்டுவிட்டாள்.

சிலிண்டரிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றைத் தொட்டிக்குள் இறக்கினான். செடிகளுக்குக் கொண்டாட்டம். மூன்றாம் நாளே இலை நுனியில் முத்து முத்தாகக் குமிழி. வெண்ணிலா ஒவ்வொரு குமிழியாக எண்ணினாள். தொட்டி இருந்த அந்தப் படுக்கை அறையை ஈஸ்வர் போன வருஷம்தான் வீட்டை ஒட்டித் தனியாகக் கட்டியிருந்தான். கதவு நேரே களத்தைப் பார்த்துத் திறக்கும். ஏசி போட்ட ஒரே அறை என்பதால் மூவரும் ராத்திரி அங்கேதான் படுப்பார்கள். அந்த வாரத்தில் ஜெயப்பிரியா இரண்டு முறை காலையில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"தலை கனமா இருக்குதுங்க."

"ஏசி ஒத்துக்கல. ரெண்டு பாயிண்ட் ஏத்தி வெச்சுக்கலாம்" என்றான் கெட்டிக்காரன். தனக்கும் தலை கனப்பதை அவன் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இன்னொரு வேலை செய்தான். குளிர்ச்சி வெளியே போகிறது என்று ஜன்னல் இடுக்கெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டினான். கதவுக்கு அடியிலும் ஒரு பட்டை வைத்துத் திருகினான். கதவு அவனே பட்டறையில் அடித்துக் கொண்டுவந்த இரும்புக் கதவு. ஒரு எறும்பு நுழைய வழியில்லை என்று அவனே பாராட்டிக்கொண்டான். புதன்கிழமை காலை பார்த்தால் தொட்டியில் குமிழி குறைவாக இருந்தது. சிலிண்டரின் திருகை முழுசாகத் திறந்துவிட்டு வேலைக்குப் போனான்.

அன்றைக்குப் பட்டறையில் தண்ணீர் டேங்கர் ஒன்று நின்றது. உள்ளே அதே கரியமில வாயுவை விட்டுத் தடுப்புத் தகடு பற்றவைக்கிற வேலை. டேங்கருக்குள் இறங்குவதற்கு அங்கே ஒரு சட்டம் உண்டு. மேல் வாயில் காற்று ஊதும் ஃபேன் ஓட வேண்டும். வெளியே ஒருவன் நின்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஸ்பானரால் தகட்டைத் தட்ட வேண்டும், உள்ளே இருப்பவன் திருப்பித் தட்ட வேண்டும். உள்ளே இருந்தது குமரகுரு, நாற்பது வயதுக்காரர், நிதானமான ஆள். வெளியே நின்று தட்டியது ஈஸ்வர். ஃபேனின் ஒயர் எப்போது பிடுங்கிக்கொண்டது என்று யாரும் கவனிக்கவில்லை.

ஈஸ்வர் தட்டினான். பதில் இல்லை. இன்னொரு முறை பலமாகத் தட்டினான். டேங்கர் சும்மா கிடந்தது.

அடுத்த பத்து நிமிஷம் பட்டறை முழுக்க ஒரே கூச்சல். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஒருவன் இறங்க, குமரகுருவைக் கட்டித் தூக்கி, வேப்பமரத்தடியில் படுக்கவைத்து, முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். அவர் கண்ணைத் திறந்தபோது இரண்டு மணி தாண்டியிருந்தது.

"என்னப்பா ஆச்சு?" என்றார் அர்த்தநாரி.

"ஒண்ணும் தெரியலீங்கண்ணா. தூக்கம் வாராப்பல இருந்துச்சு. தலை கனமா இருந்துச்சு. அவ்வளவுதான்."

அர்த்தநாரி எல்லோரையும் பார்த்துக் கத்தினார். "எத்தன தடவடா சொல்றது! இந்தக் கேசு காத்தவிடக் கனம். தண்ணியாட்டம் அடியில போயி நிக்கும். வெளிய நின்னா ஒண்ணும் பண்ணாது, மூடுன எடத்துல ஆளக் கொன்னு போட்டுரும். வாசமில்ல, நெறமில்ல. படுத்தவன் படுத்தாப்பலயே போவான்!"

ஈஸ்வர் கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது. தலை கனமா இருக்குதுங்க. அதே வார்த்தை. அவன் வீட்டு அறை, ரப்பர் பட்டை ஒட்டிய ஜன்னல், எறும்பு நுழையாத கதவு, தலையில் பெருக்கல் குறி போட்ட சிலிண்டர். பள்ளிக்கூடம் லீவு. மத்தியானம் சாப்பிட்டதும் ஜெயப்பிரியா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்த அறையில்தான் படுப்பாள். அரை மணி நேரம் ஏசியை ஓட விட்டு நிறுத்திவிடுவாள், கரண்ட் பில்லுக்குப் பயந்து. கதவு சாத்தியிருந்தால் நாலு மணி வரைக்கும் குளிர்ச்சி நிற்கும் என்று அவளுக்கு ஒரு பெருமை. வழக்கமாகத் தரையில்தான் படுப்பாள்.

அவள் போனுக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்து நின்றது. மறுபடி அடித்தான். சமையலறையில் சார்ஜில் கிடக்கும், அவனுக்குத் தெரியும். அப்படியும் அடித்தான்.

"அண்ணா, அந்த சிலிண்டர் என்ற ஊட்ல இருக்குதுங்க" என்றான். "கேட்டுக்கு இல்லீங்க. படுக்கற ரூம்ல. பிரியாவும் பாப்பாவும் உள்ள படுத்திருப்பாங்க."

அர்த்தநாரி ஒரு கணம்தான் அவனைப் பார்த்தார். "ஓடுடா! நான் நூத்தியெட்டுக்குச் சொல்லிட்டுப் பின்னாலயே வாரேன்."

பதினாலு கிலோமீட்டர். தினமும் இரண்டு தடவை போய் வருகிற ரோடு. அன்றைக்கு அது முடிவில்லாமல் நீண்டது. பைக்கை ஓட்டிக்கொண்டே பக்கத்துத் தோட்டத்துப் பாப்பாயிக்குப் போன் போட்டான். அந்த அம்மாள் எடுத்துவிட்டாள், அவனுக்கு உயிர் வந்தது.

"ஆரு சாமி? ஈஸ்வரா?"

"அக்கா, ஊட்டுக்கு ஓடுங்க! அந்தப் புது ரூமுக் கதவ ஒடைச்சுத் தெறங்க!"

"நான் எலச்சிபாளையத்துல ரேசன் கடையில நிக்கறேன் சாமி. ஏன், என்னாச்சு?"

போன் கையிலிருந்து நழுவி ரோட்டில் விழுந்தது. அவன் நிற்கவில்லை. பயம் என்றால் நெஞ்சு அடித்துக்கொள்வது என்று நினைத்திருந்தான். இது வேறு மாதிரி இருந்தது. கை கால் எல்லாம் தன் பாட்டுக்கு வண்டியை ஓட்ட, உள்ளே ஒருவன் கணக்காகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு மணிக்குப் படுத்திருப்பாளா, ஒன்றரைக்கா? சிலிண்டரில் இன்னும் எவ்வளவு இருக்கும்? குமரகுரு எத்தனை நிமிஷம் உள்ளே கிடந்தார்? கடவுளே, இன்றைக்கு மட்டும் அவளுக்குத் தூக்கம் வராமல் இருக்கட்டும். யாராவது வீட்டுக்கு வந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கட்டும். பிள்ளை அடம்பிடித்துக்கொண்டு களத்தில் விளையாடட்டும். வெயிலில் கறுத்துப் போகட்டும், காய்ச்சல் வரட்டும், உள்ளே மட்டும் போகாமல் இருக்கட்டும்.

எலச்சிபாளையத்துக்கு இந்தப் பக்கம் ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு புது ரிக் வண்டி நின்றது. வடக்கே ஆழ்துளைக் கிணறு போடப் போகிற வண்டி. மாலை போட்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பொம்பளைகளும் பிள்ளைகளும் சுற்றி நிற்க, ஒரு பெரியவர் பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தார். ஈஸ்வர் ஹாரனை அமுக்கிய கையை எடுக்கவில்லை.

"ஏப்பா, சாமி கும்புடறது கண்ணுக்குத் தெரியலியா? சித்தெ பொறு" என்றார் பெரியவர்.

"என்ற பொண்டாட்டி… பாப்பா…" என்றான். அவன் முகத்தைப் பார்த்த ஒரு பொம்பளை, "உடுங்க, அவர உடுங்க!" என்று கூட்டத்தைத் தள்ளினாள். ரோட்டோரப் பள்ளத்தில் இறக்கி, வண்டி சாய்ந்து முழங்கால் தேய, எப்படியோ ஏறி ஓட்டினான்.

மண் பாதையில் திரும்பும்போதே வீடு தெரிந்தது. களத்தில் யாரும் இல்லை. கொடியில் வெண்ணிலாவின் மஞ்சள் சட்டை காய்ந்தது. புது அறையின் கதவு சாத்தியிருந்தது. ஏசி ஓடவில்லை.

வண்டியைக் கீழே போட்டுவிட்டுக் கதவை இரண்டு கையாலும் அடித்தான். இரும்புக் கதவு கோயில் மணி மாதிரி அதிர்ந்தது. பிறகு, பட்டறைப் பழக்கம், அடிப்பதை நிறுத்திவிட்டு உள்ளே இருந்து பதில் வருகிறதா என்று கேட்டான்.

வந்தது. டொக் டொக் என்று ஜன்னல் கண்ணாடியில் சின்னச் சத்தம்.

ஓடிப் போய்ப் பார்த்தான். ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்த கட்டில் மேல் வெண்ணிலா உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் சிவந்து, தூக்கம் சொக்குகிற முகம். அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். உதட்டின் மேல் விரலை வைத்து, சத்தம் போடாதீங்க என்று ஜாடை காட்டினாள். அம்மா தூங்குகிறாள் என்று கீழே கையைக் காட்டினாள்.

தரையில் பாயின் மேல் ஜெயப்பிரியா ஒருக்களித்துக் கிடந்தாள். வாய் திறந்திருந்தது. தூங்குகிறவர்கள் அப்படிக் கிடக்கமாட்டார்கள். அவளுக்குப் பின்னால் தொட்டியில் செடிகள் என்றுமில்லாத பச்சையில் நின்றன. மீன்கள் அத்தனையும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"பிரியா!" என்று அலறினான். அவள் அசையவில்லை.

"நான் கதவத் தெறக்கறனுங்கப்பா" என்று கண்ணாடிக்குப் பின்னால் மகளின் குரல் மெல்லிசாகக் கேட்டது. அவள் திரும்பினாள். கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து ஒரு காலைக் கீழே விட்டாள்.

அந்தக் கேசு தண்ணியாட்டம் அடியில போயி நிக்கும். ஈஸ்வருக்குத் தரை தெரியவில்லை. கட்டில் உயரத்துக்கு நிரம்பி நிற்கிற ஒரு கிணறுதான் தெரிந்தது. அவள் இறங்கி, தாழ்ப்பாள் எட்டாமல் முக்காலியைத் தேடி, குனிந்து…

"எறங்காத!" அப்படி ஒரு குரல் தன்னிடம் இருப்பது அவனுக்கே தெரியாது. "கீழ எறங்காத சாமி! கால மேல எடு! எடுடீ!"

பிள்ளை விறைத்துப்போனாள். காலை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி, ஓவென்று அழுதாள்.

"போர்வையத் தலையோட போத்திக்க. அப்பா கண்ணாடிய ஒடைக்கப் போறேன். என்ன ஆனாலும் எறங்கக் கூடாது. அம்மாவத் தொடப் போகக் கூடாது."

களத்துக் கல்லை எடுத்துக் கண்ணாடியை அடித்தான். மூன்றாவது அடியில் உடைந்தது. "ஜன்னல்கிட்ட வா. கம்பியப் புடிச்சுக்கிட்டு வெளிய மூக்க வெச்சுக்க. அங்கயே நில்லு" என்று சொல்லிவிட்டு, கம்பிக்குள் கையை விட்டுப் பார்த்தான். தாழ்ப்பாள் எட்டவில்லை. மாட்டுக் கொட்டகைக்கு ஓடிக் கடப்பாரையைக் கொண்டுவந்தான்.

கதவு நல்ல கதவு. அவன் கை வேலை. எங்கே நெம்பினாலும் அசையவில்லை. தன் வேலையையே சபித்துக்கொண்டு நெம்பியபோதுதான் நினைவு வந்தது. கீழ் கீலை மாட்டிய அன்றைக்குக் கரண்ட் போய்விட்டது, இரண்டு பொட்டு வெல்டிங் வைத்து நிறுத்தியதோடு சரி, முழுசாகப் பற்றவைக்க அப்புறம் நேரம் கிடைக்கவில்லை. ஒழுங்கான வேலைக்காரனாக இருந்திருந்தால் அன்றைக்கு அவள் செத்திருப்பாள். கடப்பாரையைக் கீழ் மூலையில் செருகி உடம்பைப் போட்டு அழுத்தினான். படக்கென்று கீல் தெறித்தது. கதவின் அடிப்பாகம் பெயர்ந்து வளைந்தது.

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தான். கயிறு இல்லாமல் இறங்கக்கூடாது என்பதெல்லாம் அப்போது யாருக்கு ஞாபகம். தாழ்ப்பாளை நீக்கி, ஜெயப்பிரியாவின் அக்குளில் கை கொடுத்து, பாயோடு சேர்த்து இழுத்து, களத்து வெயிலில் போட்டான். களத்துக் கல் சுட்டது, அவளுக்குச் சுடவில்லை. மறுபடி உள்ளே ஓடிக் கட்டிலிலிருந்து மகளைத் தூக்கித் தலைக்கு மேல் ஏந்திக்கொண்டு வந்தான். ஆற்று வெள்ளத்தில் பிள்ளையைத் தூக்கி வருகிறவனைப் போல.

ஜெயப்பிரியாவிடம் மூச்சு இருந்தது. குறட்டை மாதிரி, விட்டு விட்டு. அவன் அவள் முகத்தைத் தட்டினான், தண்ணீரை ஊற்றினான், பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அர்த்தநாரியின் வண்டியும் பின்னாலேயே ஆம்புலன்சும் மண் பாதையில் திரும்புகிறபோது அவள் ஒருபக்கமாகப் புரண்டு வாந்தி எடுத்தாள். அவன் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல காட்சியைப் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் மூக்குக்கும் வாய்க்கும் மாஸ்க் வைத்தார்கள். வெண்ணிலாவையும் சோதித்துப் பார்த்து, பயமில்லை, தலைவலி மட்டும் இரண்டு நாள் இருக்கும் என்றார்கள். அவளை அம்மாவின் கால் மாட்டில் கட்டிலிலேயே உட்காரவைத்தார்கள். டாக்டர் அம்மாள் என்ன நடந்தது என்று கேட்டபோது, மூடின ரூமுங்க, காத்தில்லாம மயங்கிட்டா என்று சொல்ல ஈஸ்வருக்கு நாக்கு வரைக்கும் வந்தது. அர்த்தநாரி பக்கத்தில் நின்றார்.

"நாந்தானுங்க பண்ணேன்" என்றான். "செடிக்குன்னு கேஸ் சிலிண்டர் வெச்சேன். கசியறது தெரிஞ்சே வெச்சேன். தலை வலிக்குதுன்னு சொன்னா, ஏசின்னு சொன்னேன்."

டாக்டர் அவனைத் திட்டவில்லை. எழுதிக்கொண்டார். இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் பேசிப் பிரயோசனமில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ஜெயப்பிரியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தாள். அவள் வையட்டும், அடிக்கட்டும் என்று அவன் காத்திருந்தான். அவள் மாஸ்க்கை விலக்கினாள். குரல் கரகரவென்று இருந்தது.

"பாப்பா மொதல்ல எம்பக்கத்துலதான் படுத்திருந்தா."

"என்ன சொல்றே?"

"கீழ. பாயில. என்னக் கட்டிப்புடிச்சுக்கிட்டு. தரை சில்லுனு இருக்குது, சளி புடிச்சுக்கும்னு நாந்தானுங்க கட்டல்ல தூக்கிப் போட்டேன். மாட்டேன்னு அழுதா. முதுகுல ஒண்ணு வெச்சுத்தான் படுக்க வெச்சேன்." அவள் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. "அதுக்கப்பறம் எனக்கு ஒண்ணும் தெரியலீங்க."

ஈஸ்வர் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டு அப்படியே சறுக்கி, ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

வெண்ணிலா வீறிட்டாள். வார்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கீழ உக்காராதீங்கப்பா! எந்திரிங்கப்பா! மேல வாங்க!"

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையையும் அவனை நோக்கி நீட்டினாள். அவள் கால்கள் மட்டும் கட்டிலை விட்டு வெளியே வரவில்லை. இங்கே ஒன்றும் இல்லை சாமி, இது நல்ல தரை, பார் எல்லோரும் நடக்கிறார்கள் என்று ஈஸ்வர் சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. அவன் எழுந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பட்டறைச் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் தூக்கி மேலே வைத்துக்கொண்ட பிறகுதான் அழுகையை நிறுத்தினாள்.